அரூருக்கு ஒரு நியாயம், ஊத்தங்கரைக்கு ஒரு நியாயம்: கட்சி மாறும் எம்.எல்.ஏ.வுக்கு என்ன ஆகிறது?

அரூரிலிருந்து ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்று தருமபுரி மாவட்டம், இன்னொன்று கிருஷ்ணகிரி மாவட்டம். இரண்டுமே தனித் தொகுதி. 2016 தேர்தலில் இரண்டிலும் ஜெயித்தது அ.தி.மு.க. அடுத்த வருடமே இந்த இரண்டு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக நின்றார்கள், ஊத்தங்கரை மனோரஞ்சிதம் ஓ.பன்னீர்செல்வம் அணியில், அரூர் முருகன் டி.டி.வி.தினகரன் அணியில். ஊத்தங்கரை எம்.எல்.ஏ. சட்டமன்றத்துக்கு உள்ளேயே, நம்பிக்கை வாக்கெடுப்பில், தன் கட்சி ஆட்சிக்கு எதிராக வாக்களித்தார். அரூர் எம்.எல்.ஏ. அதே வாக்கெடுப்பில் ஆட்சிக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஆளுநரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். எதிர்த்து வாக்களித்தவர் 2021 வரை எம்.எல்.ஏ.வாக இருந்தார். கடிதம் கொடுத்தவருக்கு ஒரு மாதம் முடிவதற்குள் பதவி போய்விட்டது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தாவினால் பதவி போகும், இதுதான் நம்மில் பலர் நினைத்திருப்பது. டீக்கடையிலும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் கட்சி மாறுகிறவரின் அரசியல் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதைச் சட்டம் கொஞ்சம்தான் தீர்மானிக்கிறது. அவர் எந்த நேரத்தில் மாறினார், சபாநாயகர் எந்தக் கட்சிக்காரர், அவர் எவ்வளவு வேகமாக நடக்க விரும்புகிறார், இதெல்லாம்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. நம்முடைய இரண்டு மாவட்டங்களிலும் இதற்கு வேண்டிய எல்லா உதாரணமும் கிடக்கிறது, அதனால் இங்கேயிருந்தே பார்க்கலாம்.

முதலில் சட்டம். 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்கிற எம்.எல்.ஏ. ஒரே நாளில் கட்சி விட்டுக் கட்சி மாறி மாறிப் போனதும், அதிலிருந்து ‘ஆயா ராம் கயா ராம்’ என்கிற பேச்சு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து, 1985-ல், ராஜீவ் காந்தி ஆட்சியில் 52-வது திருத்தம் மூலமாக அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. அதன்படி ஒருவரின் பதவி இரண்டு விதத்தில் போகலாம். ஒன்று, அவரே விரும்பிக் கட்சியை விட்டு விலகினால். இரண்டு, சபையில் கொறடா உத்தரவை (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் உத்தரவு) மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ. இரண்டாவதில் ஒரு சின்ன வாசல் உண்டு, 15 நாளுக்குள் கட்சி அவரை மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். தளியில் 2006-ல் டி.ராமச்சந்திரன் சுயேச்சையாகவே நின்று ஜெயித்தார், பிறகு 2011-லும் 2021-லும் அதே தொகுதியில் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளராக ஜெயித்தார். இப்படித் தேர்தலுக்குத் தேர்தல் வேறு அடையாளத்தோடு மக்களிடம் போவதில் சட்டத்துக்கு எந்த வருத்தமும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு அடையாளத்தில் ஓட்டு வாங்கிவிட்டு நடுவில் இன்னொரு அடையாளத்துக்குப் போவதுதான் வழக்கு.

முதலில் எழுதிய சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து போனால் அது தாவல் இல்லை, ‘பிளவு’ என்று கணக்கு. அதாவது ஒருவர் போனால் குற்றம், கூட்டமாகப் போனால் குற்றமில்லை. 2003-ல் 91-வது திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் தப்பிக்க முடியும். 2017-ல் அ.தி.மு.க.வில் இந்த வழி வேண்டுமென்றால் சுமார் 90 எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து வந்திருக்க வேண்டும், பன்னீர்செல்வம் அணியின் 11 பேரோ தினகரன் அணியின் 18 பேரோ அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதே சமயம் 5 எம்.எல்.ஏ.க்கள் உள்ள கட்சியில் 4 பேர் போதும். 2 பேர் மட்டும் உள்ள கட்சியில் இருவருமே போக வேண்டும். பெரிய கட்சியைச் சேர்ந்தவருக்குத்தான் இந்தக் கதவு நிஜமாகவே பூட்டியிருக்கிறது.

அந்த 2003 திருத்தம் இன்னொரு வேலையும் செய்தது. அமைச்சரவையின் அளவைச் சபையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது, 234 பேர் உள்ள நம் சபைக்கு அது 35 அமைச்சர்கள். தாவி வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இலாகா கொடுக்கும் பழக்கம் அதோடு குறைந்தது. தாவியதற்காகத் தகுதி நீக்கம் ஆனவர், அந்தச் சபையின் காலம் முடியும்வரை அல்லது மறுபடி தேர்தலில் ஜெயிக்கும்வரை, அமைச்சராக முடியாது என்பதும் அப்போது வந்ததுதான்.

சரி, இப்போது 2017-க்கு வருவோம்.

ஜெயலலிதா மறைந்து, கூவத்தூர் விடுதிக் காட்சிகளையெல்லாம் நாம் டி.வி.யில் பார்த்து முடித்து, பிப்ரவரி 18-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆட்சிக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்தப் பதினொன்றில் ஒருவர் ஊத்தங்கரை எம்.எல்.ஏ. கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களிப்பது என்றால் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பிறகு ஆகஸ்ட் 21-ல் இரண்டு அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வர் ஆனார். மறுநாளே, ஆகஸ்ட் 22-ல், தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மீது நம்பிக்கை இழந்துவிட்டோம், ஆதரவை விலக்கிக்கொள்கிறோம் என்று தனித்தனியாகக் கடிதம் கொடுத்தார்கள். தருமபுரி மாவட்டத்தில் அப்போது அ.தி.மு.க. கையிலிருந்த தொகுதிகள் பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. அதில் அரூர் முருகனும், முன்னாள் உயர்கல்வித் துறை அமைச்சரான பாப்பிரெட்டிப்பட்டி பழனியப்பனும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள். பாலக்கோடு கே.பி.அன்பழகன் அமைச்சரவையில் இருந்தார்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் தொங்கியது. கட்சியை விட்டு விலகுகிறேன் என்று அதில் இல்லை. வேறு கட்சியில் சேருகிறேன் என்றும் இல்லை. முதல்வர் மாற வேண்டும், கட்சி இதே கட்சிதான், இதுதான் அவர்கள் வாதம். ஆனால் ‘விரும்பி விலகுவது’ என்றால் ராஜினாமா கடிதம் கொடுப்பது மட்டும் இல்லை, ஒருவருடைய நடத்தையிலிருந்தே அதை ஊகிக்கலாம் என்று 1994-லேயே ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் ஆளுநருக்குக் கொடுத்த கடிதம் அந்த மாதிரி நடத்தையா? இதற்கு நம் எல்லைக்கு அந்தப் பக்கமே ஒரு முன்னுதாரணம் இருந்தது. 2010-ல் கர்நாடகத்தில் பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் 11 பேர் எடியூரப்பா மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தார்கள், சபாநாயகர் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார், 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. தினகரன் அணி அந்தத் தீர்ப்பைத்தான் நம்பி நின்றது. ஆனால் 2007-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், எதிர்க்கட்சித் தலைவரை ஆட்சியமைக்க அழையுங்கள் என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த பகுஜன் சமாஜ் எம்.எல்.ஏ.க்களைப் பற்றி, அது கட்சியை விட்டுப் போனதுதான் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. ஒரு கடிதம் இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம் என்கிற நிலைமை.

அது எந்தப் பக்கம் சாயும் என்று முதலில் முடிவு செய்கிறவர் சபாநாயகர். அரசு கொறடா புகார் கொடுத்தார், சபாநாயகர் தனபால் நோட்டீஸ் அனுப்பினார், நடுவில் கம்பம் ஜக்கையன் மட்டும் முதல்வர் பக்கம் திரும்பிவிட்டார், மீதி 18 பேரும் செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம். கடிதம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 27 நாள்.

பிப்ரவரியில் எதிர்த்து வாக்களித்த 11 பேர் விஷயமோ வேறு கதை. அவர்களைத் தகுதி நீக்கம் செய்யச் சொல்லி தி.மு.க. தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது, 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடி ஆனது, சபாநாயகருக்கு உத்தரவு போட முடியுமா என்கிற கேள்வியே உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது என்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2020 பிப்ரவரியில் முடிந்தது, முடிவு சபாநாயகர் கையிலேயே விடப்பட்டது. 2021 மே மாதம் சபையின் காலமே முடிந்துவிட்டது, முடிவு மட்டும் வரவில்லை. ஒரே சபாநாயகர், ஒரே சட்டம், ஒரே கட்சியின் எம்.எல்.ஏ.க்கள். ஒரு பக்கம் 27 நாள், இன்னொரு பக்கம் நாலு வருடத்துக்கு மேலாகியும் ஒன்றுமில்லை. இதில் யார் செய்தது சரி, எந்த அணியிடம் நியாயம் இருந்தது என்று வாதாடுவது என் வேலை இல்லை. ஆனால் ஒரே குற்றச்சாட்டுக்கு இவ்வளவு வித்தியாசமான வேகம் என்பதை ஒரு வாக்காளனாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பதவி போன பிறகு நடந்ததைப் பார்த்தால் இன்னும் வேதனை. 18 பேர் வழக்குப் போட்டார்கள். இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்து வைத்தது, அது சரிதான், நாளைக்கே இவர்கள் பக்கம் தீர்ப்பானால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கக் கூடாதே. ஆனால் 2018 ஜூன் 14-ல் வந்த தீர்ப்பில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம், தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் நீக்கம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு வேண்டாம், தேர்தலையே சந்திக்கிறோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18-ல், முடிவு வந்தது மே 23-ல். கணக்குப் போட்டால் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் இருபது மாதம் எம்.எல்.ஏ.வே இல்லை.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன, கலெக்டர் இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார் என்று சிலர் சொல்வார்கள். அரூர் பக்கம் இருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சித்தேரி மலையிலிருந்து ஒரு வேலையாக அரூருக்கு இறங்கி வருகிறவருக்கு, அதிகாரி முகம் கொடுத்துப் பேசாதபோது போய் நிற்பதற்கு இருக்கும் ஒரே இடம் எம்.எல்.ஏ. அலுவலகம்தான், அவர் செய்வாரோ மாட்டாரோ, ஒரு பரிந்துரைக் கடிதமாவது கிடைக்கும். பொம்மிடியிலோ கடத்தூரிலோ ஒரு சாக்கடைக்கு, ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு, தொகுதி மேம்பாட்டு நிதியில் எது முதலில் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒன்றே முக்கால் வருடம் சட்டசபையில் இந்த இரண்டு தொகுதிகளின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க ஓர் ஆள் இல்லை. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் அந்த ஆறு மாதம் எங்கேயோ போய்விடுகிறது.

இடைத்தேர்தலில் என்ன ஆனது? தகுதி நீக்கம் ஆனவர் தேர்தலில் நிற்கவே முடியாது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு. தப்பு, நிற்கலாம். கர்நாடகத்தில் 2019-ல் 17 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் ரமேஷ் குமார் 2023 வரை நிற்கக் கூடாது என்று நீக்கியபோது, நீக்கம் செல்லும், ஆனால் அப்படிக் காலம் போட்டுத் தடுக்க அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த வருடம் நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இங்கே அதற்கு முன்பே அரூரில் முருகன் தினகரனின் அ.ம.மு.க. சார்பில் மறுபடி நின்றார். பழனியப்பனை அந்தக் கட்சி தருமபுரி நாடாளுமன்றத் தொகுதிக்கு நிறுத்தியது. இரட்டை இலை எதிர்த் தரப்பில் இருந்தது, இவர்களுக்குக் கிடைத்தது பரிசுப் பெட்டி, அதுவும் வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்னால். முப்பது, நாற்பது வருடமாக இலையைத் தேடியே விரல் வைத்துப் பழகிய ஒரு பாட்டியிடம் மூன்று வாரத்தில் பெட்டியைப் பதிய வைப்பது நடக்கிற காரியமில்லை. அரூரில் அ.தி.மு.க.வின் சம்பத்குமார் ஜெயித்தார், பாப்பிரெட்டிப்பட்டியில் அ.தி.மு.க.வின் கோவிந்தசாமி ஜெயித்தார். நாடாளுமன்றத் தொகுதியை அதே நாள் வாக்குப்பதிவில் தி.மு.க.வின் செந்தில்குமார் அன்புமணியைத் தோற்கடித்துப் பிடித்தார், பழனியப்பனுக்கு அங்கேயும் தோல்வி.

மாநிலம் முழுக்க அந்தச் சமயம் நடந்த 22 இடைத்தேர்தல்களில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. அந்த ஒன்பது இல்லாவிட்டால் எடப்பாடி ஆட்சிக்குப் பெரும்பான்மை இல்லை, அந்த ஒன்பதில் இரண்டு நம் மாவட்டம் கொடுத்தது. (ஓசூரும் அந்த 22-ல் ஒன்று, ஆனால் அது தாவலால் காலியானதல்ல, அமைச்சராக இருந்த பாலகிருஷ்ணா ரெட்டி பழைய கல்வீச்சு வழக்கில் மூன்று வருடத் தண்டனை பெற்றுப் பதவி இழந்ததால் காலியானது, அங்கே தி.மு.க. ஜெயித்தது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.)

இந்தப் பதினெட்டுப் பேரின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அரவக்குறிச்சி செந்தில் பாலாஜியும் அதே நாளில் பதவி இழந்தவர்தான். ஆனால் அவர் இடைத்தேர்தலுக்கு முன்பே, 2018 டிசம்பரில், தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார். உதயசூரியனில் நின்று அரவக்குறிச்சியை ஜெயித்து, 2021-ல் கரூரில் ஜெயித்து அமைச்சரானார். ஆண்டிப்பட்டி தங்க தமிழ்ச்செல்வன் 2019 தேர்தல் முடிந்த பிறகு தி.மு.க.வுக்கு வந்தார், 2021-ல் போடியில் பன்னீர்செல்வத்திடம் தோற்றார், 2024-ல் தேனி எம்.பி. ஆனார். நம் பழனியப்பன் 2021 தேர்தலையும் அ.ம.மு.க.விலேயே சந்தித்து, பாப்பிரெட்டிப்பட்டியில் கோவிந்தசாமியிடம் தோற்று, அப்புறம் 2021 ஜூலையில் தி.மு.க.வில் சேர்ந்தார். ஒரே படகிலிருந்து இறங்கிய மூன்று பேர். தேர்தலுக்கு முன்பு போனவருக்கு மந்திரி பதவி வரை கிடைத்தது, ஒரு தேர்தல் தள்ளிப் போனவர் ஒரு தோல்விக்கு அப்புறம் எம்.பி. ஆனார், இரண்டு தேர்தல் தள்ளிப் போனவருக்கு அந்தச் சபையில் இடமே இல்லை. காத்திருந்தவரின் விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, தேர்தல் அரசியலில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நிஜம்.

பழனியப்பன் பின்பு தி.மு.க.வின் தருமபுரி மேற்கு மாவட்டச் செயலாளர் ஆனார். வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணப் பதவியாகத் தெரியலாம். மா.செ. என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். யாருக்கு ஒன்றியம், யாருக்கு பேரூர், உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு சீட் என்று மேலே போகிற பட்டியலில் அவர் கை இருக்கும், ஆளுங்கட்சி மா.செ. என்றால் பல எம்.எல்.ஏ.க்களைவிட அவர் வீட்டு வாசலில்தான் கூட்டம். கட்சி மாறி வந்த ஒருவருக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கிறது என்றால், அவரோடு எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தக் கட்சி கணக்குப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு ஊர் அளவில் எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். தலைவர் சென்னையில் சால்வை போட்டுக்கொண்ட அடுத்த சில வாரங்களில், இங்கே ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் ‘மாற்றுக் கட்சியினர் இணையும் விழா’ நடக்கும். ஒன்றியம் வாரியாகப் பெயர்ப் பட்டியல், பெயருக்கு நேரே ஊர், பழைய கட்சியில் என்ன பொறுப்பு, போன் நம்பர். புதுக் கரைத் துண்டு கட்டுக் கட்டாக மேடை ஓரத்தில் இருக்கும். மேடையில் சிரித்துக்கொண்டே துண்டு போடுகிற உள்ளூர்ச் செயலாளர், நேற்று வரை யாருக்கு எதிராகச் சுவர் பிடித்தாரோ, யாருடன் பூத்தில் சண்டை போட்டாரோ, அவருக்கே போடுகிறார். எம்.எல்.ஏ. கட்சி மாறும்போது உண்மையில் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் இந்த இரண்டு தரப்பும்தான். தலைவரோடு போகவும் மனசில்லாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் நிற்கிற கிளைச் செயலாளர் ஒரு பக்கம். இருபது வருடமாக அந்தக் கட்சியில் கொடி கட்டி, இந்தத் தடவையாவது சீட் கிடைக்கும் என்று காத்திருந்து, வந்தவரிடம் அந்த இடத்தை விடுகிற ஆள் இன்னொரு பக்கம். தாவி வந்தவர் தேர்தலில் தோற்கும்போது, எதிர்க்கட்சியைவிட இந்த உள் மனக்கசப்புத்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். நானும் அதை நம்புகிறேன்.

கர்நாடகத்தோடு ஒப்பிட்டால் இங்கே தாவுகிறவருக்கு ஆபத்து அதிகம், அது பலர் கவனிக்காத விஷயம். 2019 டிசம்பரில் அங்கே நடந்த 15 இடைத்தேர்தல்களில் பா.ஜ.க. 12 ஜெயித்தது, தாவி வந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்கள். ஓசூரிலிருந்து கிட்டத்தில் இருக்கும் ஹொஸ்கோட்டையில் எம்.டி.பி.நாகராஜ் சுயேச்சையிடம் தோற்றார். தோற்றவரை என்ன செய்தார்கள்? மேலவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து, பிறகு அமைச்சரும் ஆக்கினார்கள். ஹுன்சூரில் தோற்ற எச்.விஸ்வநாத்துக்கு மேலவையில் நியமனப் பதவிதான் கிடைத்தது, நியமனம் ஆனவர் தேர்தலில் ஜெயித்தவர் ஆகமாட்டார், அதனால் அமைச்சராக முடியாது என்று நீதிமன்றம் நிறுத்தியது, முன்னே சொன்ன 2003 திருத்தம் இங்கேதான் வேலை செய்தது. நம்மிடம் மேலவையே கிடையாது, 1986-ல் எடுத்தாயிற்று. இங்கே தாவி வந்து தோற்றவருக்குப் பின் கதவு என்று எதுவும் இல்லை, கட்சிப் பொறுப்பு, இல்லாவிட்டால் அடுத்த தேர்தல்வரை காத்திருப்பு.

இதையெல்லாம் பார்த்துத்தானோ என்னவோ, இப்போது தமிழ்நாட்டில் பலர் நேராக ராஜினாமா செய்துவிட்டே போகிறார்கள். 2024 பிப்ரவரியில் விளவங்கோடு விஜயதரணி காங்கிரசை விட்டு பா.ஜ.க.வுக்குப் போனபோது எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டுப் போனார். 2025 நவம்பரில் செங்கோட்டையன் ராஜினாமா செய்துவிட்டுத்தான் த.வெ.க.வில் சேர்ந்தார். மக்கள் கொடுத்த இடத்தை மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது, என்னைக் கேட்டால், கட்சி மாறுவதில் இருக்கும் ஒரே நேர்மையான வழி. தேர்தல் நெருங்கிய நேரத்தில் செய்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் பதவியையும் வைத்துக்கொண்டு ‘தொகுதி வளர்ச்சிக்காக முதல்வரைச் சந்தித்தேன்’ என்று சொல்லிவிட்டு எதிர்த் தரப்பில் உட்கார்ந்திருப்பதைவிட மேல். 2012-லிருந்து தே.மு.தி.க. எம்.எல்.ஏ.க்கள் சிலர் அப்படித்தான் அன்றைய முதல்வரை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் பதவியை விட்டது 2016 பிப்ரவரியில், தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால்.

தனிக்கட்சி என்கிற மூன்றாவது வழியை நம் பக்கத்தில் எடுத்துப் பார்த்தவர் வாழப்பாடி ராமமூர்த்தி. கிருஷ்ணகிரியில் பலமுறை காங்கிரஸ் எம்.பி.யாக இருந்தவர், 1991-ல் காவிரிப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியை விட்டவர். பிறகு தமிழக ராஜீவ் காங்கிரஸ் என்று கட்சி வைத்து, 1998-ல் சேலத்தில் ஜெயித்து வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலியத் துறை பார்த்தார், கடைசியில் காங்கிரசுக்கே திரும்பினார்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது தருமபுரிக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. எம்.எல்.ஏ. மாறவில்லை, கட்சியே இரண்டாகிவிட்டது என்றால்? 2021-ல் பா.ம.க. ஜெயித்த 5 இடத்தில் இரண்டு நம் மாவட்டம், பென்னாகரம் ஜி.கே.மணி, தருமபுரி வெங்கடேஸ்வரன். 2025-ல் ராமதாஸ், அன்புமணி மோதல் வந்தபோது மணி அப்பா பக்கம், வெங்கடேஸ்வரன் மகன் பக்கம். இதில் தாவியது யார்? இருவருமே தாவவில்லை என்றுதான் இருவரும் சொல்வார்கள். கொறடாவை நியமிக்கும் உரிமை கட்சிக்குத்தான், எம்.எல்.ஏ.க்கள் குழுவுக்கு இல்லை என்று 2023-ல் மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கட்சி எது என்பதே சண்டையாக இருக்கும்போது, யார் சொல்வது உத்தரவு? கட்சியை விட்டு நீக்கிவிட்டால் அவர் விடுபட்டுவிட்டார் என்றும் ஆகாது. 1996-ல் ஜி.விசுவநாதன் வழக்கில், அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு ம.தி.மு.க.வுக்குப் போனவரின் பதவி போனது சரிதான், நீக்கினாலும் எந்தக் கட்சி சீட்டில் ஜெயித்தாரோ அந்தக் கட்சிக்காரர்தான் என்று தீர்ப்பு. அது தமிழ்நாட்டு வழக்கு, அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் இன்றைக்கும் நாடு முழுக்க வாதாடுகிறார்கள்.

எப்படிச் சுற்றினாலும் சபாநாயகர் நாற்காலிக்கே வந்து நிற்கிறது. 1992-ல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், சபாநாயகரின் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றது, ஆனால் அவர் முடிவெடுத்த பிறகுதான். முடிவே எடுக்காமல் இருப்பவரை என்ன செய்வது என்கிற கேள்விக்கு, 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில், மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தும் ஊத்தங்கரை உள்ளிட்ட அந்த 11 பேர் விஷயத்தில் எதுவும் நகரவில்லை. 2025 ஜூலையில் தெலங்கானாவின் 10 எம்.எல்.ஏ.க்கள் வழக்கிலும் மறுபடி மூன்று மாதக் கெடு விதித்து, நாடாளுமன்றம் இதைப் பார்க்க வேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சபாநாயகர் அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ., அடுத்த தேர்தலில் அந்தக் கட்சியிடம் சீட் கேட்கப் போகிறவர். தனிப்பட்ட முறையில் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடத்தில் அவரை உட்காரவைத்து இந்த வழக்கைக் கொடுப்பது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. மூன்று மாதக் கெடு தீர்ப்பில் மட்டும் இருக்காமல் பத்தாவது அட்டவணைக்குள் எழுதப்பட வேண்டும். தகுதி நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டால், அந்த வழக்கும் இடைத்தேர்தலுக்கான ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். இரண்டுக்கும் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஆளுக்கொரு எம்.பி. அங்கே இருக்கிறார். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வரும்போது, ரோட்டையும் தண்ணீரையும் கேட்பதோடு, இதற்கு உங்கள் கட்சி கை தூக்குமா என்றும் அவர்களிடம் கேட்கலாம்.